பெட்டிக்கும் மூச்சு வேண்டும்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். பிராசஸர் எது, ராம் எத்தனை ஜி.பி., எஸ்.எஸ்.டி. எந்தக் கம்பெனி என்று வரிவரியாக எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். நாலு பேரைக் கேட்டு, நாலு நாள் யோசித்துத் தயாரித்த பட்டியல். கடைசி வரியில் 'கேபினட்' என்று மட்டும் இருக்கும். அதற்கு எதிரே ஒன்றும் இருக்காது. "அது ஏதாவது சுமாரா ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணா" என்பதோடு அந்த விஷயம் முடிந்துவிடும். கடைக்காரரும் பளபளவென்று கண்ணாடி வைத்து, உள்ளே ஏழு நிறத்தில் விளக்கு எரிகிற ஒரு பெட்டியை எடுத்து வைப்பார். விலையும் மலிவு, பார்வைக்கும் ஜோர். வாங்குகிறவருக்குத் திருப்தி.

நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று செலவழித்து வாங்கிய அத்தனை பொருளும் அடுத்த ஏழெட்டு வருடம் குடியிருக்கப் போவது அந்தப் பெட்டிக்குள்தான் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. மனை பார்க்காமல், ஜன்னல் எத்தனை என்று கேட்காமல், முகப்பு அழகாக இருக்கிறது என்று வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பது போன்றது இது.

இதில் நம் பேச்சு வழக்குக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மேசைக்குக் கீழே நிற்கும் பெட்டியை நாம் 'சி.பி.யு.' என்றே அழைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது உள்ளே இருக்கும் ஒரு சில்லின் பெயர். பாடப்புத்தகங்கள் 'மையச் செயலகம்' என்று மொழிபெயர்த்து வைத்திருப்பதும் அந்தச் சில்லைத்தான். உள்ளே குடியிருப்பவர் பெயரையே வீட்டுக்கும் வைத்துவிட்டால் வீடு என்று தனியாக ஒன்று இருப்பது மறந்துபோகிறது. அப்புறம் அதற்குக் காற்று வருமா, இடம் போதுமா என்று யார் கேட்பது?

கேட்க வேண்டிய அவசியம் முன்பு இவ்வளவு இல்லை என்பதும் உண்மை. தொண்ணூறுகளில் நம் ஊர்களில் கம்ப்யூட்டர் இருந்த அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஏ.சி. ஓடும். ஜன்னலுக்குத் திரை, கம்ப்யூட்டருக்குப் பிளாஸ்டிக் உறை. கர்ப்பகிரகத்துக்கு உரிய மரியாதை அத்தனையும் உண்டு. அந்த மரியாதை பெற்ற 486 சில்லு வெளியிட்ட வெப்பம் சில வாட்டுகள்தான். 1989-ல் அது வந்தபோது அதன் தலையில் ஒரு ஃபேன்கூடத் தேவைப்படவில்லை. 1993-ல் வந்த முதல் பென்டியம் ஏறத்தாழ 15 வாட். இன்று இன்டெல்லின் கோர் ஐ9-14900கே என்ற சில்லின் அடிப்படை அளவே 125 வாட். முழு மூச்சில் ஓடினால் 253 வாட் வரை போகும். 2022-ல் வந்த என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090 கிராபிக்ஸ் கார்டுக்குத் தனியாக 450 வாட் வேண்டும்.

இவையெல்லாம் உச்சாணிக் கொம்பில் இருப்பவை. நடுத்தரமாக ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். வீடியோ எடிட்டிங் செய்யும் கல்யாண ஸ்டூடியோக்காரர், பொறியியல் வரைபடம் போடும் மாணவி, விளையாட்டுப் பிரியனான பையன் ஆகியோரின் கம்ப்யூட்டர் வேலை மும்முரத்தில் 300 வாட் இழுப்பது சாதாரணம். இழுக்கும் மின்சாரம் அனைத்தும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். அறுபது வாட் குண்டு பல்புகள் ஐந்தை எரியவிட்டு ஒரு டிரங்குப் பெட்டிக்குள் வைத்து மூடினால் என்ன ஆகுமோ, அதுதான் உள்ளே நடக்கிறது. ஏ.சி. அறையும் உறையும் இருந்த காலத்தில் சூடு இல்லை. சூடு வந்த காலத்தில் கம்ப்யூட்டரைக் கதவு வைத்த மர மேசைக்குள் அடைத்துவிட்டோம்.

இந்தச் சூட்டை வெளியேற்ற எவ்வளவு காற்று வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். பெட்டிக்குள் போகும் காற்றைவிட வெளியே வரும் காற்று பத்து டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று வைத்துக்கொண்டால், 300 வாட் வெப்பத்துக்கு விநாடிக்குச் சுமார் 25 லிட்டர் காற்று தேவை. நம் வீட்டுக் குடம் ஒன்று பதினைந்து லிட்டர் என்றால், விநாடிக்கு ஒன்றே முக்கால் குடம் காற்று முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வெளியேற வேண்டும். 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று திறந்த வெளியில் ஏறக்குறைய இந்த அளவு காற்றைத் தள்ளும். ஆனால் பெட்டிக்குள் வலை, ஒயர், தகடு என்று நூறு தடைகள். கிடைப்பது பாதியாகிவிடும். அதனால்தான் முன்னே இரண்டு, பின்னே ஒன்று என்று மூன்று ஃபேன்கள் வைப்பது பொதுவான வழக்கமாகியிருக்கிறது.

அத்திபெலே போன்ற ஊர்களுக்கு இந்தக் கணக்கில் ஒரு சிறு திருத்தம் உண்டு. ஓசூர் சாலையில் கர்நாடகத்தின் கடைசி ஊர் அது. எஸ்.பி. ரோட்டிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சென்னையைவிடக் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அடர்த்தி குறைந்த காற்று குறைவான வெப்பத்தைத்தான் சுமந்து போகும். அதே வேலைக்குப் பத்து சதவீதம் கூடுதல் காற்று வேண்டும். 'எங்கள் ஊர் குளிர்ச்சியான ஊராயிற்றே' என்று சொல்லலாம். உண்மைதான், ஆனால் எல்லா மாதமும் அல்ல. 2016 ஏப்ரல் 24 அன்று பெங்களூரில் 39.2 டிகிரி பதிவானது.

வெயிலைவிடப் பெரிய எதிரி தூசி. அத்திபெலே வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையில் இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. ஊரைச் சுற்றித் தொழிற்பேட்டை, ஆனேக்கல் தாலுகாவில் கல்குவாரிகள், திரும்பிய பக்கமெல்லாம் புதுக் கட்டடங்கள். இந்தத் தூசி ஃபேனின் இறக்கையிலும், பிராசஸர் மேல் இருக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்கிலும் மெல்ல மெல்லப் படிந்து கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடுகிறது. ஃபேன் சுற்றும், காற்று போகாது. பிராசஸர் 95, 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'வாங்கினப்ப நல்லாத்தான் ஓடிச்சு, இப்ப ரொம்ப ஸ்லோ' என்று சர்வீஸ் கடைக்கு வரும் பெட்டிகளில் சிலவற்றின் கதை இதுதான். காசு கொடுத்து வாங்கிய வேகத்தின் ஒரு பகுதியைப் பெட்டி தின்றுவிடுகிறது.

ஆகவே பெட்டி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது முகம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியோ வழுவழுப்பான பிளாஸ்டிக்கோ இருந்தால், காற்று ஓரத்தில் விட்டிருக்கும் சிறு இடுக்கு வழியாகத்தான் நுழைந்தாக வேண்டும். உள்ளே மூன்று ஃபேன் விளக்குடன் சுற்றினாலும் அவை இழுக்கக் காற்று கிடைக்காது. முன்பக்கம் சல்லடைபோல் வலை வைத்த பெட்டிகள் இப்போது எல்லா விலையிலும் கிடைக்கின்றன. ஓசூர் சாலையில் போகும் லாரிகளைப் பாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் கண்ணாடி மாட்டி விளக்குப் போட்ட லாரி ஒன்றாவது உண்டா? டிரைவர் சம்மதிப்பாரா?

இரண்டாவது, காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி. நம் பழைய வீடுகளில் தெருவாசலில் நின்று பார்த்தால் கொல்லைப்புறக் கதவு தெரியும். அதே தர்மம்தான் இங்கேயும். முன்னாலும் அடியிலும் குளிர்ந்த காற்று உள்ளே வர வேண்டும். பின்னாலும் மேலேயும் சூடான காற்று வெளியேற வேண்டும். உள்ளே தள்ளும் காற்று வெளியே இழுக்கும் காற்றைவிடச் சற்று அதிகமாக இருப்பது நல்லது. அப்போதுதான் தூசி வடிகட்டி வழியாக மட்டும் காற்று வரும். இல்லாவிட்டால் பெட்டியின் ஒவ்வொரு இடுக்கும் தூசியை உறிஞ்சும். அந்த வடிகட்டி கையால் இழுத்து எடுத்து, குழாயில் கழுவிக் காயவைத்து மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ஸ்குரூடிரைவர் வைத்துக் கழற்ற வேண்டிய வடிகட்டியை நம்மில் யாரும் இரண்டாவது தடவை கழற்றுவதில்லை.

ஃபேன் விஷயத்தில் பெரியதே உத்தமம். பழைய பெட்டிகளில் 80 மில்லிமீட்டர் ஃபேன் இருக்கும். 120 மில்லிமீட்டர் ஃபேனின் பரப்பு அதைப்போல இரண்டே கால் மடங்கு. அதே காற்றை மெதுவாகச் சுற்றித் தள்ளிவிடும் என்பதால் சத்தமும் குறைவு. ஒரே அறையில் படுக்கையும் படிப்பும் அடுப்பும் இருக்கும் வீடுகளில் இரவு பதினோரு மணிக்கு இரைச்சலிடும் கம்ப்யூட்டர் என்பது குடும்பப் பிரச்சினை.

மூன்றாவது, இடம். பெட்டி பெரியதாகத் தெரிவதும் உள்ளே இடம் இருப்பதும் ஒன்றல்ல. மதர்போர்டுக்கு 1995-ல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்ற அளவு, அதாவது 305-க்கு 244 மில்லிமீட்டர், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அந்த முழு அளவைத் தாங்கும் பெட்டியா, அல்லது சதுரமான மைக்ரோ ஏ.டி.எக்ஸ். மட்டும்தான் போகுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கிராபிக்ஸ் கார்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் நீளம், பிராசஸர் கூலருக்கு எத்தனை உயரம் என்பது பெட்டியின் விவரத்தாளில் இருக்கும். மேலே சொன்ன 4090-ன் நீளம் 304 மில்லிமீட்டர். நல்ல கோபுரக் கூலர் 155 முதல் 165 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். அளக்காமல் வாங்கினால் கண்ணாடி மூடாது. மதர்போர்டு பொருத்தும் தகட்டுக்குப் பின்னால் இரண்டு சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். ஒயர்கள் எல்லாம் அங்கே போய்விட்டால் முன்பக்கம் காற்றுக்குத் தடையிருக்காது. நமக்கும் கை விட்டு வேலை செய்ய முடியும். தகட்டின் விளிம்பு மடித்து மழுங்கச் செய்யப்பட்டிருக்கிறதா என்று விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சர்வீஸ்காரர்களின் விரல் தழும்புகளுக்கு மலிவுப் பெட்டிகளின் விளிம்புகள்தான் காரணம்.

நான்காவது விஷயம் இலவசம் பற்றியது. மலிவான கேபினட்டோடு எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளையும் சேர்த்தே வரும். மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும். ஸ்டிக்கர் சொல்வதை எல்லா எஸ்.எம்.பி.எஸ்.ஸும் செய்வதில்லை. மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் மதர்போர்டையும் டிஸ்க்கையும் காக்க வேண்டிய கருவியை இலவச இணைப்பாக வாங்குவது, தாலிக் கயிற்றைத் தள்ளுபடியில் தேடுவது மாதிரி. பெட்டியைத் தனியாகவும், நல்ல கம்பெனி பவர் சப்ளையைத் தனியாகவும் வாங்குங்கள். பவர் சப்ளை அடியில் உட்காரும் பெட்டியாக இருந்தால், கீழே தனி வடிகட்டியும் தரையிலிருந்து ஒரு அங்குலமாவது தூக்கி நிறுத்தும் கால்களும் இருக்க வேண்டும்.

பெட்டியின் அமைப்பை மாற்றியே சூட்டைச் சமாளிக்கலாம் என்று உற்பத்தியாளர்களும் ஒரு காலத்தில் நினைத்தார்கள். 2004-ல் வந்த பென்டியம் 4-ன் 'பிரெஸ்காட்' வகைச் சில்லுகள் 100 வாட்டைத் தாண்டியபோது, மதர்போர்டையும் பெட்டியையும் காற்றோட்டத்துக்கு ஏற்றபடி திருப்பி அமைக்கும் பி.டி.எக்ஸ். என்ற புதிய ஏற்பாட்டை இன்டெல் கொண்டுவந்தது. முன்பக்கக் காற்று நேராகப் பிராசஸர் மேல் அடித்து, மற்ற சில்லுகளைத் தடவிக்கொண்டு பின்னால் போகும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் பெட்டி செய்கிறவர்களும் போர்டு செய்கிறவர்களும் பெரிதாகப் பின்தொடரவில்லை. 2006-ல் இன்டெல்லே குறைந்த மின்சாரத்தில் ஓடும் கோர் 2 டியோவை வெளியிட்டது. அதே ஆண்டில் பி.டி.எக்ஸ். கைவிடப்பட்டது. அதன்பின் கிராபிக்ஸ் கார்டு வளர்ந்தது, சில்லுகள் மறுபடி சூடேறின. பெட்டியின் அடிப்படை அமைப்பு மட்டும் 1995-ல் வகுத்ததாகவே நிற்கிறது. குறையை அவர்கள் தீர்க்கவில்லை. தேர்வு செய்யும் பொறுப்பு நம்மிடமே விடப்பட்டிருக்கிறது.

இதற்காகப் பயந்துபோய் எல்லோரும் பீரோ மாதிரி பெட்டி வாங்க வேண்டியதில்லை. கடிதம் தட்டச்சு செய்ய, கணக்கு எழுத, ரயில் டிக்கெட் போட மட்டும் பயன்படும் கம்ப்யூட்டருக்குச் சாதாரணப் பெட்டியே போதும். அது பெரும்பாலான நேரம் ஒரு குண்டு பல்பின் அளவுக்கே மின்சாரம் இழுக்கிறது. வெப்பம் என்றாலே எல்லாம் வெந்துபோகும் என்பதும் இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகிள் பொறியாளர்கள் 2007-ல் வெளியிட்ட கட்டுரை, மிக அதிக வெப்பம் தவிர மற்ற நிலைகளில் டிஸ்க் பழுதுக்கும் வெப்பத்துக்கும் எல்லோரும் நினைத்த அளவு தொடர்பு இல்லை என்றே சொன்னது. ஆனால் போர்டிலும் பவர் சப்ளையிலும் உள்ள மின்தேக்கிகளின் கதை வேறு. பத்து டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு.

உங்கள் பெட்டி மூச்சுத் திணறுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. கனமான ஒரு வேலையைக் கொடுத்து அரைமணி ஓடவிட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே வேலையை மறுபடி ஓடவிடுங்கள். ஓரிரு டிகிரி குறைந்தால் பெட்டி சரி. ஏழெட்டு டிகிரி குறைந்தால் பெட்டிதான் குற்றவாளி. பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். தகட்டை ஒரேயடியாகக் கழற்றிவைத்துவிட்டு, எதிரே ஒரு டேபிள் ஃபேனையும் வைத்துவிடுகிறார்கள். அது அவசரத்துக்கு வைத்தியம், குடித்தனத்துக்கு ஆகாது. தூசி நேராக உள்ளே போகும். கதகதப்பைத் தேடிப் பல்லியும் கரப்பானும் குடிவரும். பின்பக்கம் ஸ்லாட் மூடி இல்லாமல் ஓட்டையாக விட்ட பெட்டிகளுக்கும் இதே கதிதான்.

பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதும் தேர்வின் ஒரு பகுதி. நல்ல பெட்டியை வாங்கிக் கம்ப்யூட்டர் டேபிளின் அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினால், தான் வெளியேற்றிய சூட்டையே அது திரும்பச் சுவாசிக்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் இல்லாமல் ஒரு பலகை மேல் வைப்பது போதும். பெருக்கும்போது எழும் தூசியில் பாதி அதோடு தப்பிவிடும்.

விலைதான் கடைசித் தடை. எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு வரும் சாதாரணப் பெட்டி ஆயிரத்துச் சொச்சம். வலை முகப்பும், இரண்டு மூன்று ஃபேன்களும், கழுவத்தக்க வடிகட்டியும் உள்ள பெட்டி ஏறத்தாழ மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம், பவர் சப்ளை தனி. அத்திபெலே, சந்தாபுரா, ஓசூர் பக்கத்தில் ஒற்றை அறைக் குடித்தனங்களில் ஸ்கூட்டருக்கு அடுத்தபடி பெரிய செலவு கம்ப்யூட்டர்தான் என்ற நிலையில் இந்த வித்தியாசம் பெரிய தொகைதான், மறுக்க முடியாது. ஆனால் மற்றப் பொருள்களின் ஆயுளையும் பாருங்கள். பிராசஸர் பொருந்தும் சாக்கெட்டை இன்டெல் 2021-ல் ஒரு மாதிரி கொடுத்தது, 2024-ல் வேறு மாதிரி மாற்றியது. ராம் தலைமுறை தலைமுறையாக மாறுகிறது. மாறாதது பெட்டி ஒன்றுதான். இன்று வாங்கும் நல்ல ஏ.டி.எக்ஸ். பெட்டியில் இன்னும் இரண்டு மதர்போர்டுகளாவது மாற்றி மாற்றிக் குடியேறலாம். அப்படிப் பார்த்தால் வருடத்துக்கு முன்னூறு, நானூறு ரூபாய்தான் வித்தியாசம். இடமுள்ள பெட்டியில் பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம், முழுக் கம்ப்யூட்டரையும் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை. மின்னணுக் குப்பையில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து உலகில் மூன்றாம் இடத்தில் இருக்கும் நாட்டுக்கு இதுவும் ஒரு லாபம்.

எனவே எஸ்.பி. ரோடானாலும் சென்னை ரிச்சி தெருவானாலும், போகுமுன் பட்டியலைத் திருத்தி எழுதுங்கள். கேபினட்டை முதல் வரியில் போடுங்கள். அதற்கு எதிரே நான்கு சொற்கள்: வலை முகப்பு, 120 மில்லிமீட்டர் ஃபேன், கழுவும் வடிகட்டி, முழு ஏ.டி.எக்ஸ். கடைக்காரர் விளக்கு எரியும் பெட்டியைக் காட்டினால், ஸ்விட்சைப் போடச் சொல்வதற்குப் பதில் பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவுங்கள். ஆயுத பூஜைக்கு ஊரே கருவிகளைத் துடைத்து வைக்கிறது. கம்ப்யூட்டருக்கு மட்டும் வெளியே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு உள்ளே தூசியை அப்படியே விட்டுவிடுகிறோம். அன்று பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தகட்டைத் திறந்து, ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு பிளோயரால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். பொட்டு அதற்கப்புறம் வைக்கலாம்.